செத்த மோட்டார் அல்ல, நின்ற மோட்டார்

உங்கள் தாமானின் பின்சந்தில் ஒரு நாள் மெதுவாக நடந்து பாருங்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் கீழ்த்தளத்துப் படிக்கட்டுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு கப்சாய் நின்றுகொண்டிருக்கும். இருக்கை கிழிந்து பஞ்சு தெரியும். இரண்டு டயரும் காற்றிறங்கித் தரையோடு படுத்திருக்கும். முன்கூடையில் காய்ந்த இலை, பழைய செய்தித்தாள், பூனை குட்டி போட்ட அடையாளம். கைப்பிடியில் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருப்பார்கள். "யாருதுங்க இது?" என்று கேட்டால், "எங்க வீட்டுதுதான். அது செத்து ரொம்ப நாளாச்சு" என்று பதில் வரும்.

இந்த வாரம் அந்த மோட்டாரைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பெரும்பாலும் அது சாகவில்லை, நின்றுபோயிருக்கிறது. ஓடி ஓடித் தேய்ந்த வண்டிக்கு வரும் நோய் வேறு, ஓடாமல் நின்ற வண்டிக்கு வரும் நோய் வேறு. தேய்ந்ததைச் சரிசெய்யப் பணம் நிறைய வேண்டும். நின்றதைச் சரிசெய்யக் கொஞ்சம் பணமும் நிறையப் பொறுமையும் வேண்டும். ஐந்து சனிக்கிழமைகள் செலவழித்து நான் தெரிந்துகொண்டது இது.

எங்கள் வீட்டு மோட்டார் சிவப்பு நிற ஹோண்டா ஈஎக்ஸ் 5. சுங்கைப்பட்டாணியில் அம்மா வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 2019-இலிருந்து நின்றது. 1998-இல் அம்மா அதை வாங்கியபோதே அது பழைய வண்டிதான். கூட்டு கட்டி எடுத்த பணத்தில் வாங்கினார். அப்போது அவருக்கு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். இரவு ஷிப்ட் என்றால் நாங்கள் பல் துலக்கும்போது சந்தில் அந்த எஞ்சின் சத்தம் கேட்கும். வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விடுவார்.

2019-இல் அம்மா வேலையை விட்டார். அதே வருடம் அண்ணன் கார் வாங்கினார். "இனிமே எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்மா. முட்டி வலியோட மோட்டார் எதுக்கு?" என்றார். அன்பாகச் சொன்னதுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அண்ணனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. எனக்குக் கோலாலம்பூரில் வானொலி. அம்மாவுக்கு இப்போது வயது 63. பசாருக்குப் போக வேண்டுமென்றால் கைப்பேசியில் கார் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "போறதுக்கு ஆறு வெள்ளி, வர்றதுக்கு எட்டு வெள்ளி. வாங்குனது பத்து வெள்ளி மீனு" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த வருடம் ஒரு நாள் தொலைபேசியில் கேட்டார்: "பாப்பா, அந்த மோட்டாரப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்னு அண்ணன் சொல்றான். அது இனிமே ஓடவே ஓடாதா?"

அம்மா எதையும் நேரடியாகக் கேட்கமாட்டார். இதுதான் அவர் கேட்கும் விதம்.

நான் மெக்கானிக் இல்லை. படித்தது ஊடகத்துறை, தெரிந்த தொழில் மைக் முன்னால் பேசுவது. ஆனால் வானொலியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று இங்கே உதவியது. நேரலையில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டால் பதறிக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் அழுத்தக் கூடாது. மைக், கேபிள், கலவைப் பலகை, அதற்கு அடுத்தது என்று வரிசையாகப் போக வேண்டும். எந்த இடம்வரை சத்தம் வருகிறது, எந்த இடத்திலிருந்து வரவில்லை என்று பார்த்தால் கோளாறு தானே தெரிந்துவிடும்.

எஞ்சினும் அப்படித்தான். ஒரு சாதாரண பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயங்கள் வேண்டும். உள்ளே பிஸ்டன் காற்றை நன்றாக அழுத்த வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி வர வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து உள்ளே போக வேண்டும். மூன்றும் இருந்தால் ஓடும். ஒன்று இல்லையென்றாலும் ஓடாது. எது இல்லை என்று வரிசையாகப் பார்ப்பதுதான் முழு வேலையும்.

கப்சாய் இந்த வேலைக்கு ஏற்ற வண்டி. ஹோண்டா சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் அறிமுகமானது. 2017-இல் அந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. ஈஎக்ஸ் 5-உம் அதே வழியில் வந்ததுதான். எங்களுடைய பழைய வண்டியில் ஒரே சிலிண்டர், 97 சிசி, காற்றிலேயே குளிரும் எஞ்சின். தண்ணீர்த் தொட்டி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. கையில் பிடிக்க வேண்டிய கிளட்சும் இல்லை. உதிரிப் பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் காகிதத்தை எடுங்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது? எங்களுடையது அம்மா பெயரில் இருந்ததால் சிக்கல் இல்லை. இறந்துபோன தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால், பெயர் மாற்றுவதற்கு வாரிசுப் பத்திரங்கள் தேவைப்படும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டினால், ஓடக்கூடிய ஆனால் சாலையில் இறக்க முடியாத வண்டிதான் மிஞ்சும். வெளியாரிடமிருந்து பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். சாலை வரி நீண்ட நாள் விட்டுப்போயிருந்தால், என்னென்ன கேட்பார்கள் என்று சாலைப் போக்குவரத்துத் துறை முகப்பில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

முதல் சனிக்கிழமை வண்டியைக் கழுவினேன். கழுவும்போதுதான் எது உடைந்திருக்கிறது, எது வெறும் அழுக்கு என்று தெரிகிறது. புகைக்குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தால் மண்ணடைத்திருந்தது. குளவிக் கூடு. அம்மா வந்து எட்டிப் பார்த்தார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்களே, அந்த நம்பிக்கையோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மோட்டாருக்குத்தான்மா பிறக்கும்" என்று சொல்லிவிட்டுக் கம்பியால் குத்தி எடுத்தேன். புகை வெளியேற வழியில்லாத எஞ்சினை எத்தனை தரம் உதைத்தாலும் ஓடாது என்பதால் இதையும் பார்த்துவிடுவது நல்லது.

பல வருடம் நின்ற எஞ்சினை வந்தவுடன் உதைக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் வடிந்து காய்ந்திருக்கும். பிஸ்டன் வளையங்கள் வறண்ட சுவரில் உரசும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சில சொட்டு எண்ணெய் விட்டேன். அரை மணி நேரம் விட்டுவிட்டு, கிக்கைக் கையாலேயே மெல்ல அழுத்தினேன். தடையில்லாமல் சுற்றியது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். காற்று விரலைத் தள்ளியது. அழுத்தம் இருக்கிறது. மூன்றில் ஒன்று முடிந்தது.

அடுத்து தீப்பொறி. பெட்ரோலை எல்லாம் தூரத்தில் வைத்துவிட்டு, பிளக்கை அதன் வயரில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினின் உலோகத்தில் படும்படி, திறந்திருந்த துளையிலிருந்து தள்ளி வைத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி உதைத்தான். பழைய பிளக்கில் ஒன்றும் வரவில்லை. புதிய பிளக் மாட்டியதும் நீல நிறத்தில் ஒரு பொறி தெறித்தது. "அக்கா, வருது அக்கா!" என்று அவன் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டார். ஒன்பது வெள்ளி பிளக்.

கறுப்பு எண்ணெயையும் அன்றே மாற்றினேன். வெளியே வந்தது பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். எங்களுடையது வெறும் கறுப்பு. இந்த எஞ்சினுக்கு மாற்றும்போது 0.7 லிட்டர் போதும். ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் ஊற்றக் கூடாது.

இரண்டாவது சனிக்கிழமை பெட்ரோல் பக்கம். நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலானவை மாட்டிக்கொள்வது இங்கேதான். பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள். அதில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சம் இருப்பது நாளாக நாளாகப் பிசினாக மாறும். இருக்கைக்குக் கீழே உள்ள தொட்டியைத் திறந்தபோது பெட்ரோல் வாசம் வரவில்லை, பழைய வார்னிஷ் வாசம் வந்தது. அந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கலனில் வடித்து மோட்டார் கடையில் கொடுத்தால் கழிவெண்ணெயோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். தொட்டிக்குள் லேசான துரு. ஓரிரவு வினிகர் ஊற்றி வைத்து, மறுநாள் சோடா மாவு கரைத்த தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் கையில் எடுத்ததுமே பிஸ்கட் மாதிரி உடைந்தது.

பிறகு கார்பரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலக்கும் இடம். அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பச்சையும் பழுப்புமாக ஒரு படிவம். உள்ளே ஜெட் என்று சொல்லும் பித்தளைத் திருகாணிகள் இரண்டு. ஒன்று வேகமாக ஓடும்போது பெட்ரோல் கொடுப்பது, மற்றொன்று வண்டி நின்ற இடத்தில் இயங்கும்போது கொடுப்பது. சின்னதின் துளை ஒரு முடி போகிற அளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை.

இதைச் சுத்தம் செய்ய ஊசியைப் பயன்படுத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு கலவை எப்போதும் தப்பாகவே இருக்கும். கார்பரேட்டர் ஸ்பிரே அடித்து ஊறவைத்து, பழைய மின்வயரைப் பிரித்து அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்துத் துளைக்குள் விட்டேன். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்ப் பக்கத் துளையிலிருந்து நேராகக் கண்ணுக்குத்தான் பாயும். வெளியில் இருக்கும் கலவைத் திருகாணியைக் கழற்றும் முன், அது முழுவதும் இறுக எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது குழப்பம் இருக்காது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம். கழற்றியவற்றை அம்மாவின் முறுக்கு டின் மூடியில், கழற்றிய வரிசையிலேயே வைத்தேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலருடைய பொறுமையைச் சோதிப்பது. ஜப்பானிய வண்டிகளின் திருகாணித் தலையில் இருக்கும் சிலுவைப் பள்ளம் நாம் வீட்டில் வைத்திருக்கும் ஸ்குரூ டிரைவருக்கானது அல்ல. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. சாதாரண டிரைவரால் பலம் போட்டால் வழுக்கித் தலையை நாசமாக்கிவிடும். கடையில் ஜேஐஎஸ் டிரைவர் என்றே கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்த திருகாணிக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள்.

நடுவில் ஒரு சந்தேகம் வந்து, பாகங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பசார் பக்கத்து மோட்டார் கடைக்குப் போனேன். சீனத் தவுக்கே, அம்மா வேலைக்குப் போன காலத்திலிருந்தே இந்த வண்டியைத் தெரிந்தவர். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாக் மாத்தி லா அடேக், தீடோர் சாஜா" என்றார். சாகவில்லையாம், தூங்குகிறதாம். கார்பரேட்டர் ரப்பர் வளையங்களைப் புதிதாக எடுத்துக் கொடுத்தார். அமெச்சூர் மெக்கானிக்குக்குப் பக்கத்தில் ஒரு நல்ல கடைக்காரர் இருப்பது பாதி பலம்.

மூன்றாவது சனிக்கிழமை எல்லாவற்றையும் பொருத்தி, புதிய பெட்ரோல் அரை லிட்டர் ஊற்றினேன். சோக்கை இழுத்துவிட்டு உதைத்தேன். ஏழாவது உதையில் எஞ்சின் பிடித்தது. சிலிண்டருக்குள் விட்ட எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்தது. ஆனால் சோக்கைத் தள்ளியதும் நின்றுவிட்டது. மறுபடி உதைத்தால் ஓடும். சோக்கைத் தள்ளினால் நிற்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்திருந்தால் மட்டும் ஓடும்.

இந்த இடத்தில்தான் காது தேவைப்படுகிறது. முறுக்கினால் ஓடுகிறது என்றால் பெரிய ஜெட் நன்றாக இருக்கிறது. விட்டால் நிற்கிறது என்றால் சின்ன ஜெட்டுக்குப் போகும் வழியில் இன்னும் ஏதோ அடைப்பு. தீப்பொறியையோ அழுத்தத்தையோ சந்தேகப்பட வேண்டியதில்லை. பல பேர் இங்கேதான் "எஞ்சினையே பிரிக்கணும் போல" என்று முடிவு கட்டுகிறார்கள். கார்பரேட்டரை மறுபடி கழற்றி, ஜெட்டுக்குப் பின்னால் உள்ள மெல்லிய வழிகளில் ஸ்பிரே அடித்து, அது மறுபக்கத் துளை வழியாகப் பீய்ச்சி வருகிற வரை விடவில்லை. பொருத்தி உதைத்தேன். சோக்கைத் தள்ளினேன். நிற்கவில்லை. டுப்டுப்டுப் என்று சீராக ஓடியது. துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

எஞ்சின் ஓடியதும் கை துறுதுறுக்கும், ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று. போகாதீர்கள். ஓடுகிற வண்டிக்கு முதல் தேவை நிற்கத் தெரிவது. நான்காவது சனிக்கிழமை முழுவதும் பிரேக்கும் டயரும்தான்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். எங்கள் டயரில் 3216 என்று இருந்தது. 2016-ஆம் வருடத்தின் 32-வது வாரத்தில் செய்தது. பூ அழியவில்லை, பார்க்கப் புதிதுபோல இருந்தது. ஆனால் பக்கவாட்டை மடக்கிப் பார்த்தால் நரம்பு நரம்பாக வெடிப்பு. இரண்டையும் டியூபோடு மாற்றினேன். முன்னும் பின்னும் டிரம் பிரேக். பிரேக் கட்டைகள் தேயவில்லை, ஆனால் ஒட்டியிருந்த பகுதி பெயர்ந்து வரத் தொடங்கியிருந்தது. மாற்றினேன். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பழைய பிரேக் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. முன்பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. அதையும் மாற்றினேன். செயினும் பற்சக்கரங்களும் புதிது. ஹார்ன், சிக்னலுக்காகப் புதிய பேட்டரி.

செலவுக் கணக்கைக் கேட்பீர்கள் என்று தெரியும். பிளக் 9 ரிங்கிட், கறுப்பு எண்ணெய் 28, கார்பரேட்டர் ரப்பர் வளையங்கள் 18, குழாயும் வடிகட்டியும் 8, காற்று வடிகட்டி 15, ஸ்பிரே இரண்டு 28, பேட்டரி 65, டயரும் டியூபும் மாட்டுக்கூலியோடு 160, பிரேக் கட்டைகள் 36, கேபிள் 12, செயினும் பற்சக்கரமும் 75. ஆக மொத்தம் 454 ரிங்கிட். இதே வகையில் புதிய வண்டியைச் சாலையில் இறக்க ஐயாயிரத்தைத் தாண்டும். என் பெட்ரோல் செலவையும் டோலையும் இதில் சேர்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கப் போனதற்குக் கணக்கு எழுத முடியுமா?

மிச்சமிருந்தது காப்புறுதியும் சாலை வரியும். 150 சிசி வரையிலான மோட்டாருக்குச் சாலை வரி வருடத்துக்கு 2 ரிங்கிட்தான். காப்புறுதி எடுத்த பிறகுதான் அதைக் கட்ட முடியும். அந்த வேலைகளைப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒரு கவலை வந்தது. அம்மாவின் லைசன்ஸ். காலாவதியாகி 3 வருடம் தாண்டிவிட்டால் அதைச் சாதாரணமாகப் புதுப்பிக்க முடியாது, மறுபடி பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். 63 வயதில் அம்மா ஓட்டுநர் பள்ளிக்குப் போவாரா? வண்டி ரெடியாகி, அம்மா ஓட்ட முடியாது என்றால்?

மெதுவாகத்தான் கேட்டேன். "ம்மா, உங்க லைசன்ஸ் முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு?"

அம்மா உள்ளே போனார். பத்திரங்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னோடு வந்தார். லைசன்ஸை எடுத்து நீட்டினார். 2027 வரை செல்லும்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் போஸ்ட் ஆபீஸ்ல கட்டிடுவேன்."

"எதுக்கும்மா? வண்டிதான் ஓடலையே?"

"வண்டிதானே நின்னுச்சு. நான் நிறுத்திட்டேன்னு யாருகிட்டயும் சொல்லலையே."

எங்கள் வீட்டில் அம்மா மோட்டார் ஓட்டுவதை நிறுத்திய கதையை நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்லி வந்தோம்: வயசாச்சு, முட்டி வலி, அண்ணன் கார் வாங்கினார். அம்மா சொன்ன கதை அதில் இல்லை. இந்த ஆறு வருடமும், பின்கட்டில் டயர் தட்டிப்போய் நின்ற வண்டிக்காக, அவர் அஞ்சலகத்தில் வரிசையில் நின்று பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போகும்போதும் வரும்போதும் அடுத்தவர் காரில்.

அதற்காக உடனே சாவியைக் கொடுத்துவிடவில்லை. கிளினிக்கில் கண்ணையும் முட்டியையும் காட்டினோம். வலி இடது முட்டியில், உதைப்பது வலது காலால். இடது காலில் கியர் மிதிக்க அதிக பலம் தேவையில்லை. டாக்டர் கண்ணாடி எண்ணை மாற்றிக் கொடுத்தார், இரவில் ஓட்ட வேண்டாம் என்றார். அம்மா ஒத்துக்கொண்டார். பழைய ஹெல்மெட்டின் உள்பஞ்சு கையோடு பொடியாக வந்ததால் சிரிம் முத்திரையுள்ள புதிய ஹெல்மெட் ஒன்று வாங்கினோம். ஜொகூரிலிருந்து அண்ணன் அழைத்து, "ம்மா, பெரிய ரோட்டுக்குப் போகாதீங்க" என்று மூன்று முறை சொன்னார். பிறகு எனக்குத் தனியாக அழைத்து, ஹெல்மெட் பணத்தைத் தான் தருவதாகச் சொன்னார்.

ஐந்தாவது சனிக்கிழமை காலை, தாமானுக்குள் வண்டி வராத சாலையில் அம்மா பத்துச் சுற்றுச் சுற்றினார். முதல் சுற்றில் கைப்பிடி கொஞ்சம் ஆடியது. மூன்றாவது சுற்றில் ஆடவில்லை. மெதுவாகப் போய் பிரேக், கொஞ்சம் வேகமாகப் போய் பிரேக் என்று அவரே சோதித்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. பிறகு கூடையில் பையைப் போட்டுக்கொண்டு பசாருக்குப் போனார். நான் காரில் பின்னாலேயே வருகிறேன் என்றதற்கு, "நீ வீட்டுல இரு, சோறு கொதிக்குது" என்றார்.

நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மீன் பையை என் கையில் கொடுத்தார். "பிரேக் நல்லாப் பிடிக்குது" என்றார். வேறு பாராட்டு எதுவும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லா வண்டிக்கும் இது நடக்கும் என்று சொல்லமாட்டேன். கிக் அசையவே இல்லையென்றால், பிளக் துளையில் விரலைத் தள்ள அழுத்தமே இல்லையென்றால், எண்ணெயில் இரும்புத் துகள் மின்னினால், அதற்கு மேல் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் ஆசைப்படாதீர்கள். எஞ்சின் நன்றாக இருந்தும் அந்த வண்டி ஆபத்துதான். முதல் இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கறுப்பு எண்ணெயை இன்னொரு தரம் மாற்றிவிடுங்கள், உள்ளே ஊறியிருந்த அழுக்கு அப்போதுதான் வெளியே வரும். அதோடு வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுங்கள். ஓட்ட முடியாவிட்டால் கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். நிற்கிற பெட்ரோல்தான் பிசினாகிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மோட்டார் நின்றால், பழைய இரும்புக் கடைக்கு அழைப்பதற்கு முன் அது யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "இது ஓடுமா?" என்று வேண்டாம். அதை நீங்களே பிளக்கைக் கழற்றித் தெரிந்துகொள்ளலாம். "நீங்க இன்னும் ஓட்டணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். பதில் ஆமாம் என்று வந்தால், வரும் சனிக்கிழமை காலை கொஞ்சம் சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள்.